படத்தில் உள்ள மீனும் கூடையில் உள்ள மீனும்

ஒரு பொருளின் தத்ரூபமான வண்ணப்படத்தை 9 மாதக் குழந்தையின் முன் விரித்து வைத்தால், குழந்தை அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதில்லை; பக்கத்தை விரலால் சுரண்டி, அந்தப் பொருளைப் பிடித்து எடுக்க முயல்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோச்சும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக் குழந்தைகளும் இதையே செய்தது பதிவாகியுள்ளது. 19 மாதம் ஆகும்போது பிடிக்க முயல்வது குறைந்து, படத்தைச் சுட்டிக்காட்டும் பழக்கம் வருகிறது. படம் என்பது பொருளன்று, வேறெங்கோ உள்ள பொருளின் அடையாளம் என்ற அறிவு பிறவியிலேயே அமைவதில்லை என்பது இதனால் தெளிவாகிறது. கடல்வாழ் உயிர்களைப் பற்றிய படப்புத்தகம் ஒரு குழந்தைக்குப் பயன்படுமா என்பதும், பக்கத்தில் கண்ட மீனையும் கடற்கரையில் காணும் மீனையும் அதன் மனம் இணைத்துப் பார்க்கிறதா என்பதைப் பொறுத்ததே.

இந்த இணைப்புக்கு உருவ ஒற்றுமை பெரிதும் உதவுகிறது. பாட்ரீசியா கானியாவும் டிலோச்சும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 15 மாத, 18 மாதக் குழந்தைகள் புத்தகத்தில் கற்ற புதிய பெயரை உண்மைப் பொருளுக்குப் பொருத்தினர். கேலிச்சித்திர பாணிப் படங்களைவிடப் புகைப்படமும் இயல்பான ஓவியமுமே அதற்கு அதிகம் துணைபுரிந்தன. கடைகளில் கிடைக்கும் கடல் புத்தகங்கள் பலவும் இதற்கு நேர்மாறாக உள்ளன. எந்த மீனுக்கும் இல்லாத இமைமயிரை வரைந்து, கண்ணாடி மாட்டி, பள்ளிக்கும் அனுப்பிவிடுகிறார்கள். கதைக்கு அது சுவைதான்; ஆனால் விலங்குகளை மனிதரைப் போலப் பேசவைக்கும் புத்தகங்களால் சிறு குழந்தைகள் உண்மைத் தகவல்களைக் குறைவாகவே கற்றனர் என்று கானியா குழுவினரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

பெயரைக் கடந்து, காரணத்தையும் படப்புத்தகம் கற்பிக்க முடியும். நிறத்தால் மறைந்துகொள்ளும் விலங்கு வேட்டையாடியின் கண்ணுக்குத் தப்பும் என்பதைப் புத்தகம் வழியாகக் கற்ற 4 வயதுக் குழந்தைகள், உயிருள்ள விலங்குகளைக் காட்டியபோதும் அதே காரணத்தைப் பயன்படுத்தி விடை கூறினர் என்பது 2011இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. கன்னியாகுமரி மாவட்டத்தில் இதைச் சோதிக்கத் தனி ஆய்வகம் தேவையில்லை. குளச்சலிலோ முட்டத்திலோ காலையில் வந்திறங்கும் அயலை (கானாங்கெளுத்தி) மீனைக் கையில் எடுத்துப் பார்த்தால், முதுகு கரும்பச்சையாகவும் வயிறு வெள்ளியாகவும் இருப்பது தெரியும். மேலிருந்து நோக்கும் பறவைக்கு அந்த முதுகு ஆழக்கடலின் இருட்டோடு கலந்துவிடுகிறது. கீழிருந்து நோக்கும் பெரிய மீனுக்கு அந்த வயிறு வானத்து வெளிச்சத்தோடு கலந்துவிடுகிறது. இதை விளக்கும் படத்தைப் பார்த்த குழந்தையிடம் மறுநாள் கூடையில் உள்ள சாளை (மத்தி) மீனைக் காட்டி, "இதுக்கு முதுகு ஏன் கறுப்பா இருக்கு?" என்று கேட்டால், பாடம் பக்கத்தை விட்டு வெளியே வந்ததா என்பது உடனே தெரிந்துவிடும்.

கூடை காட்ட இயலாதவையும் உண்டு. ஐஸில் கிடக்கும் கணவாய் வெளிறிப்போயிருக்கும். உயிரோடு இருக்கும்போது அதன் தோலில் நுண்ணிய நிறமிப் பைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு பையைச் சுற்றியும் உள்ள தசைகள் இழுக்கும்போது பை விரிந்து நிறம் தெரிகிறது, தசைகள் தளரும்போது பை சுருங்கி நிறம் மறைகிறது. இத்தசைகளை நரம்புகளே நேரடியாக இயக்குவதால், மணலிலிருந்து பாறைக்கு நகரும் கணவாய் நொடிப்பொழுதில் கோலத்தை மாற்றிக்கொள்கிறது. இத்தனைக்கும் பெரும்பாலான கணவாய்களின் கண்ணில் ஒரே வகை ஒளியுணர் நிறமிதான் உண்டு. அவற்றுக்கு நிறங்களைப் பிரித்தறிய இயலாது என்றே கருதப்படுகிறது. முதல் பக்கத்தில் மணல்மேல் ஒரு கணவாய், அடுத்த பக்கத்தில் சிப்பி படர்ந்த பாறைமேல் அதே கணவாய் என வரைந்தால், மீன்சந்தையில் என்றும் காண முடியாத ஒன்றைக் குழந்தை காண்கிறது.

அத்தகைய பக்கத்தை எப்படி வாசிப்பது என்பதும் முக்கியம். பெரியவர் ஒரே மூச்சில் படித்து முடிப்பதைவிட, இடையிடையே கேள்வி கேட்டு, குழந்தையின் விடையை விரித்துச் சொல்லும் முறையில் குழந்தையின் மொழி கூடுதலாக வளர்கிறது என்று குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988இல் நிறுவினர். "மக்களே, கணவாய் எங்க ஒளிச்சிருக்கு?" என்று அங்கன்வாடி டீச்சர் கேட்கிறார், "கல்லுல" என்கிறது பிள்ளை. "ஆமா, கல்லு மாதிரியே நிறம் மாறி ஒளிச்சிருக்கு" என்று அவர் சேர்க்கும் அந்த ஒரு வரியில்தான் அறிவியல் நுழைகிறது. மாறாக, இழுத்தால் எழும்பும் சுறாவும் திறந்தால் தெரியும் நண்டும் நிறைந்த புத்தகங்கள் கையை ஈர்க்கும் அளவுக்குக் கருத்தை ஈர்ப்பதில்லை. அவற்றிலிருந்து குழந்தைகள் குறைவாகவே கற்றதாக ஆய்வுகள் கூறுகின்றன.

படப்புத்தகத்தின் உண்மையான பலவீனம் அளவு. விரல் நீள நெத்திலியும் 12 மீட்டரைத் தாண்டி வளரக்கூடிய திமிங்கலச் சுறாவும் ஒரே அகலப் பக்கத்தில் அடங்கிவிடுகின்றன. நெத்திலியையாவது வீட்டு அடுக்களையில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். திமிங்கலச் சுறாவோ 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. அதைப் பிடிக்கவோ விற்கவோ கூடாது என்பதால் சந்தையிலும் பார்க்க முடியாது. எனவே அதை வரையும் ஓவியர் பக்கத்திலேயே ஒரு பைபர் வள்ளத்தையும் அதே அளவுகோலில் வரைந்துவிடுவது நல்லது; தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளைக்கு வள்ளத்தின் நீளம் நன்றாகத் தெரியும்.