பெங்களூரில் மேட்டுப்பாத்தி போடுகிறீர்களா? சருகு, உரமூட்டை, தண்ணீர் பற்றி விதிகள் சொல்வது

மேட்டுப்பாத்தி போட நினைக்கிறவர்கள் முதலில் விசாரிப்பது செம்மண் எங்கே கிடைக்கும், மூட்டை என்ன விலை என்றுதான். எட்டடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பாத்தி கட்டினால் அதன் கொள்ளளவு 48 கன அடி, அதாவது ஏறக்குறைய 1,360 லிட்டர், 200 லிட்டர் டிரம்மில் அளந்தால் ஏழு டிரம் வரும். இதை முழுக்கக் காசு கொடுத்து மண்ணாலும் உரத்தாலும் நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. அடிப்பாதிக்கு வேண்டியது உங்கள் வளாகத்திலேயே விழுந்து கிடக்கிறது, அதை வெளியே தள்ளாமல் உங்களிடமே வைத்துக்கொள் என்றுதான் சட்டமும் சொல்கிறது.

2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 4ஆம் விதி குப்பையை உண்டாக்குகிறவருடைய கடமைகளைப் பற்றியது. ஈரக் குப்பை, உலர் குப்பையைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், காலையில் வண்டிக்காரர் "ஹசி கசா, ஒண கசா" (கன்னடத்தில் ஈரக் குப்பை, உலர் குப்பை) என்று கேட்டு வாங்குவதே அதற்காகத்தான். அதே விதியில் இன்னொரு வரி உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை: தோட்டக் கழிவை, அதாவது சருகு, வெட்டிய கிளை, புல் இதையெல்லாம் உங்கள் வளாகத்துக்குள்ளேயே தனியாக வைத்திருந்து, உள்ளாட்சி அமைப்பு சொல்கிறபடிதான் அப்புறப்படுத்த வேண்டும். தெருவிலோ சாக்கடையிலோ ஏரியிலோ போடக்கூடாது, எரிக்கவும் கூடாது. 2026 ஏப்ரல் 1 முதல் இதற்குப் பதிலாகப் புதிய விதிகள், அதில் பிரிப்பது நாலு வகை: ஈரம், உலர்வு, சானிட்டரி கழிவு, பிறகு பல்பு, மருந்து, பெயிண்ட் டப்பா போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு.

எரிப்பதற்கான அபராதம் வேறு ஒரு வழியில் வந்தது. பெங்களூர்க்காரரான அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த குப்பை வழக்கு பிற்பாடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டு, 2016 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய். இது நாடு முழுமைக்கும்தான். பனிக்காலம் முடிந்து புங்கையும் தூங்குமூஞ்சி மரமும் இலை கொட்டுகிற நாட்களில் காலை வேளையில் அல்சூர் பக்கம் நடந்தாலே எங்காவது ஒரு மூலையில் சருகுப் புகை வருகிறது. நல்ல கரிமச் சத்தைக் கொளுத்திவிட்டு, அதே வாரம் நர்சரிக்குப் போய் அதையே மூட்டையாக வாங்கி வருகிறோம். இது எனக்கு நிஜமாகவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

சரி, எப்படி நிரப்புவது? தரையில் போடும் பாத்திக்கு அடித்தளம் வேண்டாம். புல் மேலே வராமல் இருக்க டேப் உரித்த அட்டைப்பெட்டிகளை விரித்து நனைத்துவிட்டு, அதன்மேல் காய்ந்த கிளை, தென்னை மட்டைத் துண்டு, தேங்காய் நார் என்று கனமானதைப் போடுங்கள். அப்புறம் சருகு, மிதித்து மிதித்து அமுக்கி. சருகோடு காய்கறித் தோல், புல், பூ மாலையில் நூல் நீக்கிய பூ இவற்றைக் கலந்து போட வேண்டும், ஏனென்றால் வெறும் காய்ந்த பொருள் மக்கும்போது நுண்ணுயிர்கள் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், மேலே நட்ட செடி மஞ்சளடிக்கும். பச்சைக் கழிவு அந்தக் குறையைச் சரிக்கட்டும். சமைத்த சோறு, மீன், கறி வேண்டவே வேண்டாம், பெருச்சாளி வரும். மேலே கடைசி எட்டு முதல் பத்து அங்குலம் மட்டும் செம்மண்ணும் நன்றாக மக்கிய உரமும் கலந்தது, ஏறத்தாழ இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு உரம். சில மாதங்களில் பாத்தி கணிசமாக இறங்கிவிடும், பயப்பட வேண்டாம், மேலே மறுபடி உரம் போட்டால் போதும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்துப் பாத்திக்குச் சுவராக நிறுத்துகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். அந்த நார்த்தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஏரி வண்டல் அள்ளி வருவதும் இந்த ஊரில் சரிப்படாது. பல ஏரிகளில் பல வருடங்களாகச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்திருக்கிறது.

காசு கொடுத்து வாங்கும் அந்த உரம் இருக்கிறதே, அதில்தான் வாங்குகிறவருக்கு உண்மையான உரிமை இருக்கிறது. 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் ரசாயன உரத்துக்கு மட்டுமல்ல, நகரக் குப்பையிலிருந்து செய்யும் கம்போஸ்டுக்கும் மண்புழு உரத்துக்கும் தர அளவு வரையறுக்கப்பட்டிருக்கிறது. நகரக் கம்போஸ்ட் என்றால் ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம், கரிமம் (கார்பன்) குறைந்தது 12 சதவீதம், கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 20க்குக் கீழே, அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 6.5 முதல் 7.5 வரை, ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகம் 5 மில்லிகிராமுக்கும் மேல் போகக்கூடாது, துர்நாற்றம் இருக்கக்கூடாது. ஈரப்பதத்தைச் சாதாரண விஷயமாக நினைக்காதீர்கள். 25 கிலோ மூட்டையில் 40 சதவீதம் ஈரம் இருந்தால் பத்து கிலோ தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம், விதிப்படி ஆறேகால் கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது. கையில் அள்ளி இறுக்கிப் பாருங்கள், சொட்டினால் விட்டுவிடுங்கள். கரிமம்-நைட்ரஜன் விகிதம் முக்கியமாவது மேலே சொன்ன அதே காரணத்துக்காக: அரைகுறையாக மக்கியது செடியோடு போட்டி போடும். ஈய, காட்மிய அளவு கீரை போடுகிறவர்களுக்கு மிக முக்கியம், ஏனென்றால் காட்மியத்தைக் கீரை எளிதாக இலைக்குள் ஏற்றிக்கொள்ளும். ‘பாட்டிங் மிக்ஸ்’ என்று மட்டும் அச்சிட்ட மூட்டைக்கு இந்த எண்களை எதிர்பார்க்க முடியாது, அதனால் ‘கம்போஸ்ட்’, ‘மண்புழு உரம்’ என்று தெளிவாகப் போட்டு, தயாரித்தவர் பெயரும் எடையும் சத்து அளவும் இருக்கிற மூட்டையாகப் பார்த்து பில்லோடு வாங்குங்கள். தரம் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம், அப்போது அந்த பில்தான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

வீட்டிலேயே மக்கவைக்கக் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்கள் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் இருக்கும் ஸ்வச்சகிரஹ கலிகா கேந்திராவைப் பாருங்கள், பல வகைத் தொட்டிகளைச் செய்தே காட்டுவதற்காக அமைத்த இடம் அது.

மொட்டைமாடியில் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆட்கள் ஏறி இறங்கும் கூரைக்கு கட்டடச் சுமைக்கான இந்தியத் தரக்குறிப்பு ஐ.எஸ். 875 வைத்திருக்கும் குறைந்தபட்சச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஒன்றரை அடி ஈரமண் அதே சதுர மீட்டரில் 700 கிலோவைத் தாண்டும். ஆகவே மேலே சொன்ன பாத்தியை அப்படியே மாடியில் கட்டக்கூடாது. அரையடி ஆழத்துக்குத் தென்னை நார்க்கழிவு அதிகம் கலந்த லேசான கலவை, சுவரை ஒட்டிய இடம், அதுவும் கட்டட இன்ஜினியரைக் கேட்டுவிட்டு. வாடகை வீடென்றால் ஓனரிடமும் கேளுங்கள். அரையடியில் கீரை, கொத்தமல்லி, வெந்தயம் தாராளமாக வரும்.

கடைசியாகத் தண்ணீர். மேட்டுப்பாத்தி தரைப்பாத்தியைவிடச் சீக்கிரம் காயும், நாலு பக்கமும் காற்று படுவதால். 2024 மார்ச்சிலும் மறுபடி 2025 பிப்ரவரியிலும் பெங்களூர் குடிநீர் வாரியம் குடிநீரைத் தோட்டத்துக்கும் வண்டி கழுவவும் பயன்படுத்தத் தடை போட்டது. முதல் முறை 5,000 ரூபாய், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூடுதல். கோடை நெருங்கும்போது இப்படி உத்தரவு வருகிறது, காய்கறிப் பாத்திக்கு என்று விலக்கு இருக்கும் என நம்பிக் குழாயைத் திறந்துவிடாதீர்கள். காவிரித் தண்ணீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் செய்து மேலேற்றிக் கொண்டுவரப்படுகிறது, அந்தத் தடையில் நியாயம் இருக்கிறது.

அதற்கு மாற்றும் சட்டத்திலேயே இருக்கிறது. 2009இல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள்: ஏற்கனவே கட்டியதில் 60க்கு 40 அடி மனையும் அதற்கு மேலும், புதிதாகக் கட்டுவதில் 30க்கு 40 அடி மனையும் அதற்கு மேலும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். ஜெயநகர் ஐந்தாவது பிளாக்கில் விஸ்வேஸ்வரய்யா பெயரில் உள்ள மழைநீர் சேகரிப்புப் பூங்காவில் வடிகட்டியும் தொட்டியும் எப்படி அமைப்பது என்று மாதிரிகளோடு பார்க்கலாம். அடுக்ககத்தில் இருந்தால் சங்கத்திடம் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத் தண்ணீரைக் கேளுங்கள், பூச்செடிக்கும் மரத்துக்கும் அது போதும். பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, வெள்ளரிக்கு அதை ஊற்ற வேண்டாம், அரிசி களைந்த நீரையும் காய்கறி கழுவிய நீரையும் அவற்றுக்கென்று ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்து அன்றைக்கே ஊற்றிவிடுங்கள்.