கொரோனாவில் போன முதல்: சாலையோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன்

தள்ளுவண்டியில் பழம் விற்பவருக்கும், தரையில் சாக்கு விரித்துக் காய்கறி விற்பவருக்கும் முதல் என்பது முந்தின நாள் விற்ற காசுதான். அதை எடுத்துக்கொண்டுதான் விடியற்காலையில் சந்தைக்குப் போவார்கள். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது வியாபாரம் மட்டும் நிற்கவில்லை, அந்த முதலும் வீட்டுச் செலவில் கரைந்து போனது. கட்டுப்பாடுகள் தளர்ந்து தெரு திறந்த பிறகும் வண்டியில் வைக்கச் சரக்கு வாங்கப் பணமில்லை.

பிரிட்டனில் அப்போது வேலை நின்றவர்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதத்தை முதலாளிகள் வழியாக அரசே கொடுத்தது. அங்கே சம்பளப் பட்டியல் இருந்தது. நம் பூக்காரருக்கு முதலாளியும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. வளரும் நாடுகள் பலவற்றுக்கும் இதே சிக்கல்: அதிகம் அடிபட்டவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள். இந்தியாவில் இவர்களுக்கென்று 2020 ஜூன் 1 அன்று தொடங்கியதுதான் பி.எம். ஸ்வநிதி. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் திட்டம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நிவாரணம் இல்லை, கடன். திருப்பிக் கட்டியாக வேண்டும். பசியில் இருந்தவர்களுக்குக் கடனுக்கு முன்னால் கையில் பணம் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் கடன் என்ற அளவில் பார்த்தால், இவர்களுக்கு இதைவிட மலிவாக வெளியே எங்கும் கிடைக்காது.

தொடக்கத்தில் முதல் கடன் 10,000 ரூபாய். ஒழுங்காகக் கட்டி முடித்தால் அடுத்து 20,000, அப்புறம் 50,000. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை திட்டத்தைத் திருத்தி, 2030 மார்ச் 31 வரை கடன் கொடுக்கலாம் என்று நீட்டித்தது. இப்போது முதல் கடன் 15,000 வரை, இரண்டாவது 25,000 வரை. மூன்றாவது அதே 50,000. எதற்கும் நகையோ பத்திரமோ அடமானம் கிடையாது. முன்கூட்டியே கட்டினால் அபராதமும் இல்லை.

வட்டியைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்டல்காரரிடம் 10,000 வாங்கினால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 தருவார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆண்டுக்கு என்று பார்த்தால் இந்த வட்டி 75 சதவீதத்தைத் தாண்டும். இங்கே வட்டி விகிதத்தை வங்கி முடிவு செய்யும். உதாரணத்துக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 15,000 ரூபாயை 12 மாதத்தில் கட்ட மாதத் தவணை சுமார் 1,333. ஆண்டு முழுக்க வட்டி ஆயிரத்துக்குள்தான் வரும். அதிலும் ஆண்டுக்கு 7 சதவீத வட்டியை அரசு மானியமாக உங்கள் வங்கிக் கணக்கிலேயே போட்டுவிடும். உங்கள் கையிலிருந்து உண்மையில் போவது 400 ரூபாய்க்குச் சற்று மேல். தவணை கட்டாமல் கணக்கு வாராக்கடனாகிவிட்டால் மானியம் போய்விடும், ஒழுங்காகக் கட்டாவிட்டால் அடுத்த கடனும் கிடைக்காது. அதனால் தவணை நாளுக்கு இரண்டு நாள் முன்பே கணக்கில் பணம் இருக்கட்டும்.

பெரும்பாலோர் தடுமாறுவது காகிதத்தில்தான். நகராட்சியோ மாநகராட்சியோ கொடுத்த விற்பனைச் சான்றிதழ் அல்லது அடையாள அட்டை இருந்தால் நேராக விண்ணப்பிக்கலாம். உள்ளாட்சி எடுத்த சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் இருந்து அட்டை வராதவர்களுக்குத் தற்காலிகச் சான்று உண்டு. கணக்கெடுப்பிலேயே விடுபட்டிருந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும், 15 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை ஏதாவது இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வந்து விற்பவர்களுக்கும் இந்தக் கடிதம் கிடைக்கும்.

அப்புறம் ஆதார், வாக்காளர் அட்டை, வங்கிப் பாஸ்புக். ஆதாரில் இப்போது பயன்படுத்தும் செல்போன் எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பழைய எண்ணாக இருந்தால் ஓ.டி.பி. வராமல் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். விண்ணப்பத்தை இணையத்தில் நாமே போடலாம், பொதுச் சேவை மையத்திலும் போட்டுத் தருவார்கள்.

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்காவுக்கு விண்ணப்பம் போட நான் கூடப் போயிருந்தேன். வங்கியில் இருந்தவர், "நகை எதுவும் வைக்க முடியுமாம்மா?" என்று கேட்டார். அக்கா அந்த நிமிடமே எழுந்துவிட்டார். இப்படிக் கேட்டால் எழ வேண்டியதில்லை. கடன் திரும்பி வராமல் போனால் அதில் ஒரு பங்கை ஏற்க அரசின் உத்தரவாதம் இருக்கிறது. அடமானம் கேட்கக் கூடாது என்று விதியைச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னோம். வேண்டா வெறுப்பாகத்தான் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் கடன் வந்தது.

கியூ.ஆர். அட்டை வைத்துப் பணம் வாங்கினால் சிறு ஊக்கத்தொகையும் உண்டு. திருத்திய திட்டத்தில் மொத்தம் 1,600 ரூபாய் வரை கிடைக்கும். இரண்டாவது கடனையும் கட்டி முடித்தவர்களுக்கு யு.பி.ஐ. வசதியுள்ள ரூபே கிரெடிட் கார்டு. கடனைத் தவணையாகக் கட்டலாம், கார்டில் செலவழித்ததைக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறும். கார்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை.

கடன் கிடைத்ததும் பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பரிந்துரைக் கடிதம் கடனுக்குத்தான் உதவும். நின்று விற்கிற இடத்துக்குப் பாதுகாப்பு 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி தரப்படும் விற்பனைச் சான்றிதழ்தான். கணக்கெடுப்பையும் சான்றிதழையும் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கே என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்றும் அதே சட்டம் சொல்கிறது. கடிதம் வாங்கப் போகும் நாளிலேயே சான்றிதழுக்கும் எழுதிக் கொடுங்கள். இரண்டு மனுவுக்கும் தேதி போட்ட ரசீது வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.