டிரைவில் படம் இருக்கிறது, தேதி எங்கே?

வெள்ளத்தில் மூழ்கிய மோட்டார், ஆலங்கட்டி மழையில் சிதைந்த தக்காளி, பக்கத்து நிலத்துக்காரர் நகர்த்திய எல்லைக்கல். எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது, கூகுள் டிரைவில் பத்திரமாக ஏற்றியாயிற்று என்று, ஆதாரம் காட்ட என்னிடம் போனை நீட்டுகிறார்கள். விவரத்தைத் திறந்தால் எடுத்த தேதி இல்லை, இடம் இல்லை, கேமரா பெயரும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியதே, அந்தச் சேதப் படங்களோடு இன்றும் ஆட்கள் வருகிறார்கள். ஒரே பதிலை எத்தனை முறை சொல்வது? எழுதியே வைத்துவிடுகிறேன்.

"வாட்ஸ்அப்ல பையனுக்கு அனுப்பினேன், அவன் டிரைவ்ல ஏத்திட்டான். ஒரிஜினல்தானே சார்?"

இல்லை. ஒரிஜினல் உங்கள் போனில் இருந்தது. போன் படம் எடுக்கும்போது, எடுத்த நேரம், போன் மாடல், லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவற்றை எக்ஸிஃப் என்ற பகுதியில் கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். வாட்ஸ்அப்பில் அதைப் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி வேறொரு கோப்பாகிறது. நான்கு எம்பி சில நூறு கேபி ஆகிறது; எக்ஸிஃப் அங்கேயே கழன்றுவிடுகிறது. 'ஹெச்டி' தொட்டு அனுப்பினால்? படம் தெளிவாக இருக்கும், தேதி வராது. தனக்குத்தானே அனுப்பிக்கொண்டால்? அதே கதிதான். குரூப்பில் போட்டுத் திரும்ப இறக்கினாலும் அதேதான். கோப்பின் பெயரில் ஐஎம்ஜி-20241205-டபிள்யூஏ0012 என்று தேதி இருக்கிறதே என்பார்கள். அது வாட்ஸ்அப் வைத்த பெயர். 2ஆம் தேதி எடுத்து 5ஆம் தேதி அனுப்பிய படத்தில் 5 என்றுதான் இருக்கும். அதைப் பத்தாம் தேதி டிரைவில் ஏற்றினால், டிரைவ் பத்தாம் தேதியைக் காட்டும். டிரைவைத் திட்டிப் பயனில்லை. வந்து சேர்ந்ததைத்தான் அது வைத்திருக்கிறது.

எடுத்த போனிலிருந்தே ஏற்றுங்கள். டிரைவ் ஆப்பில் பிளஸ் குறி, அப்லோட், டிசிஐஎம் ஃபோல்டருக்குள் கேமரா. வாட்ஸ்அப்பை விட்டால் வழியில்லை என்றால் கேலரியைத் தொடாமல் 'டாக்குமென்ட்' வழியாக அனுப்புங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: ஆண்ட்ராய்டு 10 முதல், படத்துக்குள் இருக்கும் லொகேஷனைப் படிக்க ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத ஆப் வழியாகப் போன படத்தில் தேதி இருக்கும், இடம் மட்டும் காணாமல் போயிருக்கும். அதனால் ஏற்றியதில் ஒன்றைத் திரும்ப இறக்கி, கூகுள் போட்டோஸில் மேல்நோக்கித் தள்ளி, விவரம் முழுதாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை.

வத்தல்மலை, பெட்டமுகிலாளம் மாதிரி மலையூர்கள் பக்கம் சிக்னல் இல்லையே என்று லொகேஷனை அணைத்துவிடுகிறார்கள். ஜிபிஎஸ்-க்கு டவர் தேவையில்லை. திறந்த வானத்தடியில் ஓரிரு நிமிடம் பொறுத்தால் போதும். ஊருக்கு வந்தபின் ஏற்றிக்கொள்ளலாம், எடுத்த நேரம் மாறாது. ஆனால் போனில் தானியங்கித் தேதி ஆனில் இருக்கட்டும். கடிகாரம் தப்பென்றால் எக்ஸிஃபும் தப்பு.

தேதி தப்பாக இருக்கும் படத்தை கூகுள் போட்டோஸில் திருத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் கவனிக்க: அந்தத் திருத்தம் கூகுளின் பதிவேட்டில்தான் ஏறுகிறது, கோப்புக்குள் போவதில்லை. நீங்கள் எழுதும் விளக்கக் குறிப்பும் அப்படித்தான். கூகுளில் உள்ள நம் கோப்புகளைத் திரும்ப எடுக்கும் 'டேக்அவுட்' வசதியில் மொத்தமாக இறக்கும்போது இவையெல்லாம் படத்துக்குப் பக்கத்தில் ஜேசன் என்ற தனிக் கோப்பாக வரும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். டிசம்பர் 2 அதிகாலை 4.30க்கு எடுத்த படம் அதில் டிசம்பர் 1 இரவு 11 மணி என்று தெரியும். பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழைச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும் என்ற விதி இருக்கும்போது ஒரு நாள் வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

பெயர் வைக்கும்போது ஆண்டு முதலில்: 2024-12-02-கிணறு-01. நாளின் எண்ணை முதலில் போட்டால் எல்லா மாதத்து 2ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும். டிரைவ் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகளையும் ஏற்றுக்கொள்ளும், எனவே 'ஃபோட்டோ புதுசு' மாதிரிப் பெயர்கள் வேண்டாம்.

படத்தின் மேலேயே தேதியும் இடமும் அச்சடிக்கும் கேமரா ஆப்கள் பஞ்சாயத்து வேலைகளில் பழகிவிட்டன. நல்லதுதான், அந்த எழுத்து வாட்ஸ்அப்பிலும் அழியாது. ஆனால் யார் வேண்டுமானாலும் அப்படி எழுதிவிட முடியும். எக்ஸிஃபையும் மாற்ற முடியும். வழக்கென்று வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை மாதிரியான ஓர் எண்) எழுத வேண்டும். ஒரு பிட் மாறினாலும் ஹேஷ் மாறிவிடும். எனவே ஒரிஜினலைத் திருப்பாதீர்கள், வெட்டாதீர்கள், ஃபில்டர் போடாதீர்கள். நகலில் செய்துகொள்ளுங்கள். எடுத்த போனையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள்.

வீட்டுப் படத்தை லொகேஷனோடு ஊருக்கே அனுப்புகிறவர்களும் உண்டு. பட்டாவும் ஆதாரும் கிடக்கும் ஃபோல்டரை 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்துவிட்டால், நாளைக்கு அதற்குள் போடப்போகும் கோப்பும் சேர்த்தே திறந்துவிடும். காட்ட வேண்டிய கோப்பை மட்டும், பார்க்க வேண்டியவரின் மெயிலுக்கு மட்டும் பகிருங்கள்.

கடைசியாக ஒரு கெஞ்சல். போனில் இடமில்லை என்று கூகுள் போட்டோஸுக்குள் போய் 'டெலீட்' அழுத்தாதீர்கள், பேக்கப்பில் இருப்பதும் சேர்ந்து போகும். அதற்கென்றே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' இருக்கிறது. தவறி அழித்துவிட்டால், பேக்கப் ஆன படம் 60 நாள் வரை டிராஷில் கிடக்கும். அறுபத்தொன்றாம் நாள் வந்து நிற்காதீர்கள்.