கொழுத்த மாடு, நல்ல மாடா?

பசும்புல் வெளியில் மாடு நிற்கும் பழைய ஓவியங்களில் என் கண் முதலில் போவது கால்களுக்குத்தான். கால்நடை மருத்துவம் பார்க்கிறவனுக்கு அது பழக்கதோஷம்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் வரைந்த மாடுகளைப் பாருங்கள். பெட்டி மாதிரி உடம்பு, சின்னத் தலை, குச்சிக் கால்கள். நிஜத்தில் அந்தக் கால்களை வைத்துக்கொண்டு தொழுவத்தைத் தாண்ட முடியாது. ஓவியருக்கு வரையத் தெரியாமல் இல்லை, காசு கொடுத்தவர் அப்படிக் கேட்டார். ராபர்ட் பேக்வெல் போன்றவர்கள் சீக்கிரம் கொழுக்கும் இனங்களைத் தேர்ந்து பெருக்கிய காலம் அது. பொலிகாளைக்கும் பொலிகிடாவுக்கும் நல்ல கிராக்கி, ஓவியம்தான் விளம்பரம். செம்மறிகளின் உடம்பில் தன் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் கட்டிகளை வரையச் சொன்னபோது, செதுக்கோவியர் தாமஸ் பியூவிக் மறுத்துவிட்டார். வேலை போயிற்று.

1796இல் பிறந்த டர்ஹாம் எருதை அதற்கென்றே செய்த வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டினார்கள். ஜான் போல்ட்பீ 1802இல் வரைந்த அதன் படம் அச்சாகி, ஒரே வருடத்தில் 2,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. 1807இல் அந்த எருதுக்கு இடுப்பு மூட்டு விலகி, கடைசியில் அறுக்க வேண்டியதாயிற்று. விற்ற அந்தப் படத்தில் இந்த முடிவு தெரியாது.

டச்சு ஓவியர் பவுலஸ் பாட்டர் 1647இல் வரைந்த காளை வேறு ரகம். ஈ மொய்ப்பதுகூட அதில் உண்டு. ஆனால் அதுவும் ஒரே காளை இல்லை. வெவ்வேறு வயது மாடுகளின் உறுப்புகளைச் சேர்த்து வரைந்தது.

சரி, இன்றைக்கு இதெல்லாம் எதற்கு? மாடு விற்கும் படங்களிலும் இதே வேலை நடக்கிறது. முன்னங்கால்களை மேட்டில் நிறுத்தினால் முதுகு நேராகத் தெரியும். ஒரு வேளை கறக்காமல் விட்டால் மடி பெருத்துக் காட்டும். மாட்டுக்கு அது வலி, மடிநோய்க்கும் வழி. உயரமான புல்லில் நிறுத்தினால் வளர்ந்து வளைந்த குளம்பு மறைந்துவிடும். (பழைய ஓவியர்களுக்கும் இந்தப் புல் தெரிந்திருக்கிறது!)

கால் வலிக்கும் மாடு நடக்கும்போது முதுகை வளைக்கும், தலையை ஆட்டும். நின்றபடி எடுத்த படத்தில் இது பிடிபடாது. அதனால் கெட்டியான தரையில் பக்கவாட்டில் நடக்கவிட்டு எடுத்த வீடியோவைக் கேளுங்கள். கறந்த பிறகு மடியைப் பாருங்கள்; நான்கு காம்பிலும் பால் வருகிறதா என்று கறந்தே பாருங்கள்.

அப்புறம் அந்தக் கொழுப்பு. வால் அடியின் இருபுறமும் விரலால் அழுத்துங்கள். எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால், சினை மாட்டில் அது நல்ல அறிகுறி இல்லை. ஈனுவது சிரமமாகலாம். ஈன்ற பிறகு தீனி எடுக்காமல், உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் சேர்ந்து, இரத்தத்தில் கீட்டோன் ஏறும் கீட்டோசிஸ் நோயில் படுத்துவிடலாம். ஈனுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கையில் பட்டினி போட்டு இளைக்க வைப்பது இன்னும் மோசம். பால் வற்றுவதற்கு முன்பே தீனியைச் சரிசெய்திருக்க வேண்டும்.