முகத்துல போட்ட கிரீம் மேல சந்தேகமா? டப்பாவ தூக்கிப் போட்டுடாதீங்க

பார்லர்ல டீ-டேன், வொயிட்னிங்னு எதையோ தடவி, வீட்டுக்கும் ஒரு சின்ன டப்பாவுல போட்டுக் குடுத்துடுறாங்க. ரெண்டு மாசத்துல முகம் செவந்து, வெயில்ல போனா எரியுதுன்னு அழுதுட்டு வர்ற பொண்ணுங்கள பாத்துப் பாத்து மனசு ஆறல. இத எங்க போய் சொல்றதுன்னே யாருக்கும் தெரியல.

1940ம் வருஷத்து மருந்து, அழகுசாதனப் பொருள் சட்டத்துல 26வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. நீங்க காசு குடுத்து வாங்குன கிரீம, கட்டணம் கட்டி, அரசு லேப்ல இருக்குற பகுப்பாய்வாளர்கிட்ட டெஸ்டுக்குக் குடுக்கலாம், அவர் கையெழுத்து போட்ட ரிப்போர்ட் உங்களுக்கு வரணும். இது உங்க உரிமை. கிரீம்ல பாதரசம் தெரியாம கலந்திருந்தாக்கூட 1 பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) தாண்டக் கூடாதுன்னு 2020ம் வருஷத்து அழகுசாதனப் பொருள் விதி சொல்லுது (கண்ணுக்குப் போடுறதுக்கு மட்டும் அளவு வேற).

இந்த உரிமை அந்தப் பொருள "வாங்கினவர்"க்குத் தான், முதல் சிக்கலே அதுல தான். பில் கேப்பாங்க. பார்லர்ல எவன் பில் குடுக்குறான்? அதனால ஜீபே பண்ண ஸ்க்ரீன்ஷாட், "காலைல நைட்டு போடுங்க"ன்னு அவங்க அனுப்புன வாட்ஸப் மெசேஜ், எதையும் அழிக்காதீங்க. மிச்சம் இருக்குற கிரீம வேற டப்பாவுக்கு மாத்தவே மாத்தாதீங்க, லேபிளோட அப்படியே மூடி வைங்க.

லேபிள்ல தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர் இருக்கா பாருங்க. வெளிநாட்டு சரக்குன்னா இறக்குமதி பண்ணவர் அட்ரஸும் பதிவுச் சான்று நம்பரும் இருக்கணும். இல்லன்னா அதுவே புகார் தான், ரிப்போர்ட்டுக்கு காத்திருக்க வேண்டியதில்ல. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் இதுல எந்தப் பேர் இருந்தாலும் அது ஸ்டீராய்டு, அதாவது மருந்து. 2018ல இருந்து டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது. புகார்ல "ஃபேர்னஸ் கிரீம்"னு மட்டும் எழுதாம அந்த மருந்துப் பேரையே எழுதுங்க.

புகார் போக வேண்டியது உங்க ஏரியா மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் ஆபீஸுக்கு. ஆயுர்வேத லைசென்ஸ் போட்டிருந்தா அது இந்திய மருத்துவத் துறை பக்கம், இது தெரியாம போனீங்கன்னா அங்கயும் இங்கயும் அலைய விட்டுடுவாங்க. "டெஸ்ட் ரிப்போர்ட் கொண்டு வாங்க"ன்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க, லேப்ல "மருந்து இன்ஸ்பெக்டர் வழியா வாங்க"ம்பாங்க, ரெண்டு பேருமே வாயால தான் சொல்லுவாங்க, எழுதித் தர மாட்டாங்க. வாய்ப்பேச்சே வேண்டாம். 26வது பிரிவுன்னு குறிப்பிட்டு ரெண்டு காப்பி எழுதி, ஒண்ணுல தேதியோட சீல் வாங்குங்க. சீல் போடலன்னா ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. பதில் வரலன்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போட்டு, என் மனு மேல என்ன பண்ணீங்கன்னு கேளுங்க.

நஷ்ட ஈடு அந்த ஆபீஸ்ல கிடைக்காது, அது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல. நீங்க குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே இல்ல, உங்க ஊர்லயே போடலாம். ஆனா ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், சமாதானம் பேசலாம்னு பார்லர்காரங்க இழுத்தடிக்கிறதுலயே அது போயிடும்.

இதுக்கெல்லாம் முன்னாடி தோல் டாக்டர பாருங்க, அரசு ஆஸ்பத்திரியிலயே இருக்காங்க. ஸ்டீராய்டு கிரீம சட்டுனு நிறுத்துனா முகம் இன்னும் மோசமாகும், எப்படி நிறுத்துறதுன்னு அவர்கிட்ட கேளுங்க. கால், முகம் வீங்குனா யூரின்ல புரதம் போகுதான்னு உடனே டெஸ்ட் பண்ணிடுங்க, கேரளாவுல மலப்புரம் பக்கம் பாதரசம் கலந்த ஃபேர்னஸ் கிரீம் போட்டவங்களுக்கு கிட்னி பாதிச்சத டாக்டர்கள் கண்டுபிடிச்சாங்க. டாக்டர் சீட்டுல அந்த கிரீம் பேர எழுதச் சொல்லி வாங்குங்க, ஆணையத்துல முதல்ல கேக்குறது அந்தச் சீட்டத் தான்.