800 பெரிதா, 708 பெரிதா? சுழற்பந்து வீச்சாளர்களை ஒப்பிடும் கணக்கு

கடலூரிலும் புதுச்சேரியிலும் கிரிக்கெட் பேச்சு சுழற்பந்தின் பக்கம் திரும்பினால், டெஸ்ட் போட்டிகளில் இலங்கையின் முத்தையா முரளிதரன் எடுத்த 800 விக்கெட்டா, ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் எடுத்த 708 விக்கெட்டா என்ற வாதம் எழுவதும், இந்தியாவின் அஸ்வின் பெயர் வந்ததும் அது சூடுபிடிப்பதும் வழக்கம். மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒரு விக்கெட்டுக்கு விட்டுக்கொடுத்த ஓட்டங்களே பந்துவீச்சுச் சராசரி. முரளிதரனுக்கு அது 22.72, அஸ்வினுக்கு 24.00, வார்னுக்கு 25.41, இன்னொரு இந்தியச் சுழற்பந்து வீச்சாளரான கும்ப்ளேவுக்கு 29.65. இந்த எண்ணுக்குள் இரண்டு வேறு திறமைகள் ஒளிந்திருக்கின்றன: எத்தனை பந்துக்கு ஒரு விக்கெட் விழுகிறது என்பது ஒன்று, பந்துக்கு எத்தனை ஓட்டம் போகிறது என்பது மற்றொன்று, இரண்டையும் பெருக்கினால் சராசரி வந்துவிடும். அஸ்வின் ஏறத்தாழ 51 பந்துகளுக்கு ஒரு விக்கெட் எடுத்தார். முரளிதரனுக்கு 55, வார்னுக்கு 57, கும்ப்ளேவுக்கு 66 பந்துகள் தேவைப்பட்டன. ஆக, வேகமாக விக்கெட் வீழ்த்தியவர் அஸ்வின்தான். இருந்தும் சராசரியில் முரளிதரன் முந்துவதற்குக் காரணம், அவர் ஓவருக்கு இரண்டரை ஓட்டங்களுக்கும் சற்றுக் குறைவாகவே கொடுத்தார் என்பது. அஸ்வின் கொடுத்தது சுமார் 2.8.

அடுத்தது உழைப்பு. 133 டெஸ்ட்களில் 44,039 பந்துகள் வீசிய முரளிதரனுக்கு ஒரு டெஸ்டுக்குச் சராசரியாக 55 ஓவர்கள் அமைந்தன. வார்னுக்கு 47, அஸ்வினுக்கு 43. வார்னுடன் 563 விக்கெட் எடுத்த வேகப்பந்து வீச்சாளர் மெக்ராத் இருந்தார், அஸ்வினுடன் சக சுழற்பந்து வீச்சாளர் ஜடேஜா இருந்தார். இலங்கையிலோ வேகப்பந்து வீச்சாளர் வாஸைத் தவிர நெடுங்காலம் துணை நின்றவர் என்று சொல்ல வேறு யாரும் பெரிதாக இல்லை. கூடுதல் ஓவர் கிடைத்தால் விக்கெட்டும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு சுமையைத் தூக்கியும் சராசரி 23-ஐத் தாண்டாமல் காத்ததே முரளிதரனின் ஆகப்பெரிய சாதனை என்று நான் நினைக்கிறேன்.

ஆடுகளத்தின் பங்கை உள்ளூரிலேயே பார்க்கலாம். கடலூரின் மஞ்சக்குப்பம் மைதானம் போன்ற இடங்களில் தென்னைநார் மேட் விரித்து ஆடினால், சுழன்று வரும் பந்தின் தையல் நாரில் உரசிப் பிடிபடுகிறது. அந்த உராய்வு விசையே பந்தைப் பக்கவாட்டில் திருப்புகிறது. அதே விரல்கள், அதே வீச்சு, வழவழப்பான தரை என்றால் தையல் வழுக்கிக்கொண்டு போய்விடும், பந்து நேராகவே செல்லும். காய்ந்து பொடியும் இந்திய, இலங்கை மண்ணும் இப்படித்தான் பந்தைப் பிடிக்கிறது. அஸ்வினின் 537 விக்கெட்டுகளில் 383 இந்தியாவில் வந்தவை. முரளிதரனின் 800-இல் 493 இலங்கையில் வந்தவை. ஆஸ்திரேலியாவில் முரளிதரனின் சராசரி 75-ஐத் தாண்டியது. ஆனால் திரும்பும் ஆடுகளம் மட்டுமே போதும் என்றும் சொல்லிவிட முடியாது: இந்திய மண்ணில் வார்னின் சராசரி 43, முரளிதரனுடையது 45, ஏனென்றால் சுழலை ஆடிப் பழகிய மட்டையாளர்கள் எதிரே நின்றார்கள்.

எனவே, முரளிதரனும் வார்னும் ஒரே ஆடுகளத்தில் வீசிய தொடர்களே நேர்மையான ஒப்பீட்டுக்கு மிக அருகில் வருகின்றன. 2004-இல் இலங்கையில் நடந்த மூன்று டெஸ்ட்களில் முரளிதரன் 28 விக்கெட், வார்ன் 26 விக்கெட் எடுத்தார்கள். இருவரும் 500-ஐக் கடந்ததும் அந்தத் தொடரில்தான். அங்கும் ஒரு வேறுபாடு மிச்சமிருந்தது: முரளிதரன் ஹேடன், பாண்டிங், கில்கிறிஸ்ட் அடங்கிய ஆஸ்திரேலிய வரிசைக்கு வீசினார், வார்னோ, தினமும் வலைப்பயிற்சியில் முரளிதரனை ஆடிப் பழகியவர்களுக்கு வீசினார்.