இறால் ஓட்டில் இருக்கும் மின்னேற்றம்

“வியர்வை நாற்றம் வராத பனியன் என்று விற்கிறார்களே, அதில் என்னதான் தடவுகிறார்கள்?” என்று திருப்பூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வியர்வைக்கென்று பெரிதாக நாற்றம் கிடையாது. தோலிலுள்ள பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வரும். அந்த பாக்டீரியாவை அடக்கப் பல துணிகளில் வெள்ளி நுண்துகள் சேர்க்கிறார்கள். துவைக்கத் துவைக்க அது கழன்று கழிவுநீரில் கலப்பது எனக்கு உறுத்தல். அதைவிட எனக்குப் பிடித்தது, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும், மட்கிப் போகும் கைட்டோசான்.

இறால் ஓட்டை நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். அப்புறம் நீர்த்த காஸ்டிக் சோடாவில் புரதம் போகும். மிஞ்சுவது கைட்டின், சர்க்கரை அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. (1811இல் பிரெஞ்சு அறிஞர் பிராகொன்னோ இதை முதலில் கண்டது காளானில்.) அடர்ந்த காஸ்டிக் சோடாவில் அதைச் சூடாக்கினால் அதில் தொங்கும் அசிட்டைல் என்ற சிறு அணுத்தொகுதிகள் பெரும்பாலும் கழன்று, அவை மூடியிருந்த, நைட்ரஜன் கொண்ட அமினோ தொகுதிகள் வெளிப்படும். அதுதான் கைட்டோசான்.

அழகே இந்த அமினோவில்தான். பிஎச் 6.5க்குக் கீழே, அதாவது லேசான புளிப்பில், அது ஒரு புரோட்டானைப் பிடித்து நேர்மின்னேற்றம் பெறுகிறது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்விலோ எதிர்மின்னேற்றமுள்ள பாஸ்பேட்டுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒன்றையொன்று தள்ளி விலக வேண்டியவை அவை. நடுவே மெக்னீசியமும் கால்சியமும் உட்கார்ந்து பிடித்து வைத்திருக்கின்றன. கைட்டோசான் சங்கிலி வந்து படிந்து அந்த இடங்களைப் பறித்துக்கொள்கிறது. பிடி தளர்ந்த சவ்வு பொத்தலாகி, உள்ளிருக்கும் பொட்டாசியம் முதல் மரபுப்பொருள் வரை கசிகிறது. கழலாமல் மிஞ்சிய அசிட்டைலுக்கும் வேலை உண்டு, சங்கிலி சிதைவதில்: நம் கண்ணீரிலுள்ள லைசோசைம் நொதி சங்கிலியை வெட்ட அதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

துணியில் ஏற்ற, கைட்டோசானை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, சிட்ரிக் அமிலம் சேர்த்து, துணியை முக்கிப் பிழிந்து சூடேற்றுகிறார்கள். சிட்ரிக் அமிலம் ஒரு கையால் பருத்தியையும் மறு கையால் கைட்டோசானையும் பிடித்துக்கொள்ளும். சூடு மிஞ்சினால் துணி மஞ்சளிக்கும்.

சரி, சோப்பு? அதன் காரத்தன்மை அமினோவின் புரோட்டானைப் பறித்துவிடும்; எதிர்மின் சோப்பு மூலக்கூறுகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். புதுத்துணியில் பாக்டீரியா சாவதைக் காட்டுவது எளிது. பலமுறை துவைத்த பிறகும் வேலை செய்கிறதா என்ற சலிப்பான சோதனைக்குத்தான் நிதி தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பேன். அமினோவில் மூன்று மெத்தில் தொகுதிகளைக் கோத்துவிட்டால், காரத்திலும் போகாத நிரந்தர மின்னேற்றம் கிடைக்கிறது. அந்தத் துணியைத்தான் முதலில் துவைத்துப் பார்க்க வேண்டும்.